முதல் மாதமே தூதரகத்துக்குப் போங்கள்: வளைகுடா வாசகர் கேள்வி – பதில்

ரியாத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் மந்தூபுக்கு உதவியாளனாகவும் அரபி மொழிபெயர்ப்பாளனாகவும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கம்பெனிக்காக அரசு அலுவலகங்களுக்கு அலைகிறவரை அங்கே மந்தூப் என்பார்கள். சொந்த ஊர் தொண்டிப் பக்கம். வேலை நேரம் போக, இந்தியத் தூதரகத்தின் அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நம் ஆட்களுக்காகத் தொழிலாளர் அலுவலகம், ஜவாசாத் என்ற பாஸ்போர்ட் அலுவலகம், தர்ஹீல் என்ற நாடுகடத்தல் மையம், ஆஸ்பத்திரிப் பிணவறை என்று போய் வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பகுதிக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டேன். கடிதம் எழுதியவர்களின் உறவுக்காரர்கள் பலர் இன்னும் அங்கே கஷ்டத்தில் இருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

என் வீட்டுக்காரர் ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக். ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை. இக்காமா (தங்கும் அனுமதி அட்டை) முடிந்து நான்கு மாதம் ஆகிறது. தூதரகத்துக்குப் போனால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று கேம்பில் சொல்கிறார்களாம். பயந்துகொண்டு அறையிலேயே கிடக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

தங்கச்சி, அது பொய். இக்காமா இல்லை என்பதற்காகத் தூதரகம் நம் ஆளைப் போலீஸிடம் ஒப்படைப்பதில்லை. உங்கள் கணவர் புகார் கொடுக்காமல் இருந்தால் லாபம் யாருக்கு என்று யோசித்தாலே இந்த வதந்தி எங்கிருந்து கிளம்புகிறது என்பது புரிந்துவிடும்.

இக்காமா முடிந்ததற்கு அவர் பொறுப்பில்லை. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இக்காமா கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம், புதுப்பிக்கத் தாமதமானால் வரும் அபராதம் எல்லாம் முதலாளி தலையில். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தப்படி, தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் தராவிட்டாலோ, இக்காமாவைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, விசா கொடுத்த பழைய முதலாளியான கபீலின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். உங்கள் கணவருக்கு இரண்டு காரணமும் இருக்கிறது. அவர் ஒளிந்து கிடக்க வேண்டியவரே இல்லை.

தூதரகம் ரியாத்தில் டி.கியூ. (டிப்ளமாட்டிக் குவார்ட்டர்) என்று எல்லோரும் சொல்லும் பகுதியில் இருக்கிறது. ஞாயிறு முதல் வியாழன் வரை வேலை நாள். தொழிலாளர் நலப் பிரிவின் ஜன்னலில் முதலில் கேட்பது இக்காமா நம்பரைத்தான். 2இல் தொடங்கும் பத்து இலக்கம். அதற்கடுத்த கேள்வியில்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள்: "கபீல் யார்?" இவர்கள் போர்டில் இருக்கிற கம்பெனிப் பெயரைச் சொல்வார்கள். இக்காமாவில் அரபியில் வேறொரு பெயர் இருக்கும். ஆளைக் கொண்டுவந்தது ஒரு சப்ளை கம்பெனி, வேலை வாங்குவது இன்னொரு கம்பெனி. யார் மேல் புகார் எழுதுவது என்பதே அங்கே நின்று தீர்க்க வேண்டிய சிக்கலாகிவிடும். ஆகவே இன்று ராத்திரி அவர் போன் செய்யும்போது இக்காமாவை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்தம், கடைசியாகச் சம்பளம் ஏறியபோது பேங்கிலிருந்து வந்த மெசேஜ் எல்லாம் வேண்டும். அந்த பேங்க் மெசேஜை விடப் பெரிய சாட்சி கிடையாது.

புகார் பதிவானதும் தூதரகம் கம்பெனிக்குப் பேசும், கடிதம் எழுதும். மசியாவிட்டால் உங்கள் கணவர் பெயரில் தொழிலாளர் அலுவலகத்தில் வழக்கு. முதலில் 'வுத்தி' என்கிற சமரசப் பேச்சு. 21 நாள் அவகாசம். அதில் முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். மொழிபெயர்க்க ஆள், சட்ட ஆலோசனை இதற்கெல்லாம் தூதரகம் கைகொடுக்கும். உங்கள் கணவருக்குப் பதிலாகத் தூதரகமே வழக்காட முடியாது. முதலாளியின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துத் தரும் அதிகாரமும் அதற்கு இல்லை. அங்கே சட்டம் அந்த நாட்டினுடையது.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: சம்பளம் நின்ற முதல் மாதமே போங்கள். முதல் மாதத்தில் கம்பெனி ஆபீஸில் மேனேஜர் உட்கார்ந்திருப்பார், போனை எடுப்பார், தூதரகக் கடிதத்துக்குக் கொஞ்சமாவது அஞ்சுவார். ஏழு மாதம், எட்டு மாதம் போய்விட்டால் ஆபீஸில் பூட்டுத் தொங்கும், முதலாளியின் கணக்கு முடங்கியிருக்கும். அப்போது மிஞ்சுவது வெறுங்கையோடு ஒரு ஃபைனல் எக்ஸிட், அதாவது நாட்டை விட்டு ஒரேயடியாக வெளியேறும் விசா. வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் சம்பளப் பாக்கிக்கு வழக்குப் போட வேண்டும் என்ற கெடுவும் உண்டு. உங்கள் கணவர் விஷயத்தில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

நீங்கள் ஊரிலிருந்தே ஒரு வேலை செய்யலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மனைவி என்ற முறையில் நீங்களே புகார் பதியலாம். பதிவு எண் கிடைக்கும்; குறித்த காலத்தில் பதில் வராவிட்டால் புகார் தானாக மேலதிகாரிக்குப் போகும். கணினி தெரியாவிட்டால் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். தில்லியிலுள்ள உதவி மையம் அது, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும் ஒரு மனு போடுங்கள். இக்காமா முடிந்தவர் பஸ் டிக்கெட் எடுப்பதே கஷ்டம் என்பதால் வெளியூரில் இருப்பவர்கள் முதலில் மின்னஞ்சல் அனுப்பிப் பதிவு செய்துகொள்வது நல்லது. உங்கள் கணவர் ரியாத்துக்குள்ளேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பத் தூதரகம் டிக்கெட் காசு தருமா?
– வாசகர், ஜுபைல்

தரும், வழியில்லாதவர்களுக்கு. முதலில் கம்பெனிதான் டிக்கெட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது நடக்காதபோது இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. 2009இல் தொடங்கியது, 2017இல் அதன் விதிகளை விரிவாக்கினார்கள். தங்க இடம், சாப்பாடு, விமான டிக்கெட், அவசர வைத்தியம், சட்ட உதவி, சடலத்தை ஊருக்கு அனுப்புவது, சிறு குற்றங்களுக்கான அபராதம் ஆகியவற்றுக்கு அதிலிருந்து செலவு செய்யலாம். உங்கள் வசதியைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்க, சான்றொப்பம் வாங்க என்று நாம் தூதரகத்தில் கட்டும் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் சிறு தொகைதான் அந்த நிதிக்குப் போகிறது. உங்களைப் போன்றவர்கள் கட்டிய பணம் அது, தம்பி. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

என் அண்ணன் தம்மாமில் தங்கியிருந்த அறையிலேயே தூக்கத்தில் இறந்துவிட்டார். மூன்று வாரம் ஆகியும் உடல் வரவில்லை. சீக்கிரம் அனுப்ப வேண்டுமானால் ஒரு லட்சம் ஆகும் என்று ஒருவர் ஊரில் வந்து பேசுகிறார். அண்ணி கழுத்துச் சங்கிலியை விற்கப் போகிறார். கொடுக்கலாமா?
– வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

கொடுக்காதீர்கள். சங்கிலியை விற்க விடாதீர்கள். இறந்தவரின் உடலைப் பதப்படுத்திப் புறப்பட்ட நாட்டுக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. நான் முன்னே சொன்ன அதே 40ஆவது பிரிவில் இருக்கிறது. முதலாளி கைவிட்டால் தூதரகத்தின் நல நிதி இருக்கிறது. இடையில் ஒரு தரகருக்கு இடமே இல்லை.

மூன்று வாரம் ஏன் ஆகிறது என்று சொல்கிறேன். அறையில் இறந்தால் போலீஸ் வரும், அவர்கள் அறிக்கை வேண்டும். ஆஸ்பத்திரி மருத்துவ அறிக்கை வேண்டும். குடும்பத்தின் சம்மதக் கடிதம் வந்த பிறகே தூதரகம் ஆட்சேபணை இல்லை என்று சான்று கொடுத்துப் பாஸ்போர்ட்டை ரத்து செய்யும். பிறகு அஹ்வால் மதனி என்ற பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இறப்புச் சான்று, ஜவாசாத்தில் இறந்தவருக்கும் ஒரு எக்ஸிட், அதன் பிறகு உடலைப் பதப்படுத்துவது, விமானத்தில் கார்கோ இடம். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் நேரில் போய் நின்றால்தான் தாள் நகரும். இறப்பில் சந்தேகம் இருந்தால் விசாரணை முடியும்வரை இன்னும் நீளும்.

நான் பார்த்தவரை அதிகத் தாமதம் நம் பக்கத்திலிருந்து போகிற சம்மதக் கடிதத்தில்தான். கல்யாணம் ஆனவர் என்றால் மனைவி கையெழுத்து வேண்டும். அண்ணன் தம்பி கையெழுத்து செல்லாது. கடிதத்தில் உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். அங்கே காரியங்களைப் பார்க்கக் கம்பெனி ஆளுக்கோ, தூதரகம் சொல்லும் ஆளுக்கோ அதிகாரம் கொடுத்து அவர் பெயரும் இக்காமா நம்பரும் எழுத வேண்டும். பெயர்தான் பெரிய வம்பு. பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்து அப்பா பெயரும் முழுதாக இருக்கும். ரேஷன் கார்டில் ஒற்றை எழுத்து இன்ஷியல். மனைவியின் ஆதாரில் கணவர் பெயர் வேறு எழுத்துக்கூட்டல். ஒரு குடும்பத்தில் பாஸ்போர்ட்டில் 'முத்துராமலிங்கம்', வாரிசுச் சான்றில் 'ராமலிங்கம்' என்று இருந்ததால் சம்பளப் பாக்கி மாதக்கணக்கில் நின்றது. அண்ணியை உடனே தாசில்தார் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து வாரிசுச் சான்று கேளுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரமும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் வந்ததோடு விஷயத்தை முடித்துவிடாதீர்கள். அண்ணனுக்குச் சம்பளப் பாக்கி இருக்கலாம். பணிக்கொடை கண்டிப்பாக உண்டு: முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். இதைக் கம்பெனியிடம் வாங்கித் தூதரகம் உங்கள் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும். ஆட்சியர் அலுவலகம் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஆகவே ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் முகம் தெரிந்திருக்கட்டும். அண்ணன் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையா, அதாவது பத்தாவது தேறாதவர்கள் அரசின் அனுமதி வாங்கி வெளிநாட்டு வேலைக்குப் போகிற வகையா என்றும் பாருங்கள். அப்படியானால் பிரவாசி பாரதிய பீமா என்ற காப்பீடு எடுத்துத்தான் போயிருப்பார். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தால் 10 லட்சம். தூக்கத்தில் வந்த இயற்கை மரணத்துக்கு அந்தப் பத்து லட்சம் வராது. ஆனாலும் பாலிசியைத் தேடி எடுத்து, வேறு என்ன கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கிற அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூன் 12ஆம் தேதி குவைத் மங்கஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து இந்தியர்கள் 45 பேர் இறந்தார்கள். ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜூன் 14ஆம் தேதி விமானப்படை விமானம் உடல்களோடு கொச்சியில் இறங்கிவிட்டது. இரண்டே நாள். இரண்டு அரசும் மனது வைத்தால் அந்த வேகம் முடியும் என்று கண்ணால் பார்த்தோம். அறையில் தனியாக இறந்துபோகிற தொழிலாளிக்கும் அதில் பாதி வேகமாவது வேண்டாமா? பிணவறை வாசலில் நின்றபடி ஊரிலிருக்கிற மனைவிக்கு "இன்னும் ஒரு கையெழுத்துப் பாக்கி" என்று போனில் சொல்வது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரியும்.

என் மகனைச் சவூதியில் ஹவுஸ் டிரைவர் வேலை என்று அழைத்துப்போய்ப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம். முதலாளி தண்ணீர் கொண்டுவரும் நாளில்தான் போனில் பேச முடிகிறது. ஓடி வந்துவிடட்டுமா என்று கேட்கிறான்.
– ஒரு தாய், திருவாடானை வட்டம்

அம்மா, உயிருக்கு ஆபத்து இல்லாதவரை ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். அடிக்கிறார்கள், சோறு தண்ணீர் தருவதில்லை என்றால் கதை வேறு. அப்போது எந்த வண்டியையாவது கைகாட்டி நிறுத்திப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போகட்டும். சும்மா ஓடினால் கபீல் 'ஹுரூப்' போட்டுவிடுவார். ஆள் ஓடிப்போனான் என்று அரசிடம் பதிவது அது. அதன் பிறகு பாதிக்கப்பட்டவனே குற்றவாளியாக நிற்பான்.

தூதரகம் அவனைக் கண்டுபிடிக்க நாம் தகவல் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் லொகேஷன் கிடைத்தால் அதுவே போதும். சிக்னல் இல்லையென்றால் பக்கத்து ஊரின் பெயர், கடைசியாகப் பார்த்த பெட்ரோல் பங்கு, முதலாளி வண்டியின் நம்பர், முதலாளியின் போன் நம்பர். இதில் போன் நம்பர்தான் தங்கம். எந்தப் பகுதி என்று தெரிவதும் முக்கியம். ஜித்தா, மதீனா, தபூக், அபஹா பக்கமென்றால் ஜித்தா துணைத் தூதரகம். ரியாத், தம்மாம், ஹாயில், புரைதா பக்கமென்றால் ரியாத் தூதரகம். தவறான இடத்துக்கு மனு போனால் வாரங்கள் வீணாகும்.

தூதரகத்திலிருந்து பேசுகிறோம் என்று அரபியில் நிதானமாகச் சொன்னதுமே இறங்கி வந்த கபீல்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு, வந்த பையன் டிரைவர் என்று நம்பி வந்தான் என்பதே தெரியாது. ஆடு மேய்க்க ஆள் வேண்டுமென்று கேட்டு விசாவுக்குக் காசும் கொடுத்திருப்பார்கள். "என் காசுக்கு யார் பதில்?" என்று கேட்பார்கள். நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பொய் சொன்னவர் நம் ஊர் சப்-ஏஜென்ட். மேய்ப்பர், வீட்டு டிரைவர் போன்றவர்களுக்குப் பொதுத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது, அவர்களுக்குத் தனி விதிகள். அதனால் இங்கே வழக்கை விடப் பேச்சுதான் முதலில் பலன் தரும். பேசியும் விடாவிட்டால் தூதரகம் உள்ளூர்ப் போலீஸ், ஆளுநர் அலுவலகம் வரை எடுத்துப் போகும்.

பாஸ்போர்ட் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி அது இந்திய அரசின் சொத்து. கபீல் வைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டத்திலும் அனுமதி இல்லை. திரும்பக் கிடைக்கவே இல்லையென்றால் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுக்கும். நம் ஆட்கள் அவுட்பாஸ் என்பார்கள். அதை வைத்து ஒரே ஒரு பயணம், ஊர் திரும்பலாம்.

நீங்கள் இங்கே செய்ய வேண்டியது, ஏஜென்ட் மேல் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் புகார். அவருக்குப் பணம் கொடுத்த தேதி, பேங்க் வழியாகவா கையிலா, யார் பார்த்தார்கள் எல்லாம் எழுதுங்கள். அக்கம்பக்கத்தில் அதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் சேர்ந்து போங்கள்.

எனக்கு 27 வயது. குவைத்தில் வீட்டு வேலை, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். போகலாமா?
– வாசகி, கடலூர் மாவட்டம்

போகாதீர்கள், தங்கச்சி. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான். தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். முறைப்படி போனால், எடுக்கிற முதலாளியின் பெயர் நம் அரசின் பதிவில் இருக்கும். நாளைக்கு அவர் உங்களைக் கைவிட்டால் தூதரகத்துக்கு இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு வேண்டும் என்பதற்காகத்தான் அது. விசிட் விசாவில் போகிறவளுக்கு அந்தக் கயிறு இல்லை. நீங்கள் அந்த நாட்டில் இருப்பதே தூதரகத்துக்குத் தெரியாது. ஏற்கெனவே அப்படிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: குவைத் தூதரகத்தில் பெண்களுக்குத் தங்குமிடம் உண்டு, எப்படிப் போனவர் என்று பார்த்துக் கதவை அடைக்க மாட்டார்கள்.

எங்கள் கேம்புக்குப் பக்கத்தில் பிலிப்பினோக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் பத்து நாள் தாமதமானால் அவர்கள் தூதரகத்திலிருந்து ஆள் வருகிறது. நமக்கு ஏன் அப்படி இல்லை?
– வாசகர், தம்மாம்

தம்பி, இந்தக் கேள்வியை நானும் பல அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரு வேலைக்காரப் பெண்ணின் சாவு சட்டத்தையே மாற்றியது. 1995 மார்ச்சில் சிங்கப்பூரில் ஃப்ளோர் கான்டெம்ப்ளாசியன் என்ற பிலிப்பைன்ஸ் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டார். ஊரே தெருவில் இறங்கியது. அந்த ஆண்டே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. தொழிலாளர் நல நிதிக்கு ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் 25 டாலர் கட்டுகிறார்கள். வேலைக்கு ஆள் கேட்கிற கம்பெனியின் ஒப்பந்தத்தை, அந்த நாட்டிலேயே இருக்கும் அவர்கள் தொழிலாளர் அலுவலகம் முதலில் சரிபார்க்கிறது. பிறகுதான் ஆள் விமானம் ஏறுகிறான். 2021 டிசம்பரில் இதற்கென்றே தனி அமைச்சகம் அமைக்கச் சட்டம் போட்டார்கள். ஆள் வந்திறங்கும்போதே கம்பெனியின் ஜாதகம் தூதரகத்தில் இருக்கிறது. சம்பளம் நின்றால் யாரிடம் பேசுவது என்று தேட வேண்டியதில்லை.

நம்மிடம் கருவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். இ-மைகிரேட் இணையதளம் 2014இல் வந்தது. அதில் வெளிநாட்டு முதலாளி பதிய வேண்டும், ஒப்பந்தம் ஏற வேண்டும், சம்பளம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். துபாயில் நம் அரசின் உதவி மையம் தமிழிலும் பேசுகிறது. 80046342 என்ற இலவச எண் உண்டு. ரியாத், ஜித்தா, கோலாலம்பூரிலும் இதே மையங்கள் இருக்கின்றன. 2016இல் பெரிய கட்டுமானக் கம்பெனிகள் சம்பளம் தராமல் ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினி கிடந்தபோது ஜித்தா துணைத் தூதரகம் கேம்ப் கேம்பாக அரிசி பருப்பு கொண்டுபோய் இறக்கியது. இணையமைச்சர் வி.கே. சிங் நேரில் வந்தார். அந்த நாட்களில் தூங்காமல் வேலை பார்த்த ஊழியர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பதிவு, காப்பீடு, அனுமதி எல்லாம் இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 18 நாடுகளுக்குப் போகும்போதுதான் கட்டாயம். பத்தாம் வகுப்புத் தேறிவிட்டால் அனுமதி தேவையில்லை. தமிழ்நாட்டில் இன்று வெல்டராகவும் பிளம்பராகவும் போகிற பையன்களில் எத்தனை பேர் பத்தாவது தேறாதவர்கள்? படிப்பு வந்ததால் பாதுகாப்பு போய்விட்டது. அவன் எந்தக் கம்பெனிக்குப் போகிறான், எவ்வளவு சம்பளம் என்பது நம் அரசின் எந்த ஏட்டிலும் இல்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியபோது எழுத்தறியாதவரைக் காப்பதுதான் நோக்கமாக இருந்தது. இன்று ஏமாறுகிறவன் பன்னிரண்டாவதும் ஐ.டி.ஐ.யும் முடித்தவன். பத்தாவது தேறியவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்று 2018இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்துவிட்டார்கள். அலைச்சல் இல்லாமல் கைபேசியிலேயே பதியும்படி அதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தூதரகங்களில் தொழிலாளர் பிரிவுக்கு இன்னும் ஆள் வேண்டும், அதில் தமிழ் பேசுகிறவர் கண்டிப்பாக வேண்டும். வயிற்றெரிச்சலோடு வருகிறவன் இந்தியில் திணறிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

தம்பி சவூதியில் ஜெயிலில் இருக்கிறான். அவன் ஓட்டிய வண்டி மோதி ஒருவர் இறந்துவிட்டார். தூதரகம் நஷ்ட ஈடு கட்டுமா?
– வாசகி, தென்காசி மாவட்டம்

இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கும் 'தியா' என்ற ஈட்டுத்தொகையை அரசு கட்டாது. நல நிதி சிறு அபராதங்களுக்கு மட்டும். முதலில் வண்டிக்குக் காப்பீடு இருந்ததா என்று கம்பெனியிடம் கேளுங்கள். இருந்தால் அதிலிருந்து ஈடு வர வேண்டும். 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குப் போய்ப் பார்க்கலாம். தம்பியின் இக்காமா நம்பரும் எந்த ஊர்ச் சிறை என்பதும் எழுதி மதத்தில் பதியுங்கள். தண்டனை உறுதியானால் மிச்சக் காலத்தை இந்தியச் சிறையில் கழிக்க 2010இல் சவூதியோடு ஓர் உடன்படிக்கை இருக்கிறது; அப்போது அதையும் கேட்கலாம்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம், டிக்கெட்டும் அவர்களே தருகிறார்கள். நல்ல வாய்ப்புதானே?
– வாசகர், திருச்சி

வேண்டாம். பாங்காக்கில் இறக்கி, எல்லை ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவாடியில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைக்கிற கும்பல்கள் இப்படித்தான் அழைக்கின்றன. 2025 மார்ச்சில் மட்டும் அப்படி மாட்டிய இந்தியர்கள் 549 பேரை விமானப்படை விமானங்களில் அழைத்துவந்தார்கள். அந்தப் பகுதி ஆயுதக் குழுக்கள் கையில். அங்கே தூதரக அதிகாரி நினைத்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட முடியாது.

கத்தாருக்கு விசா வந்துவிட்டது. ஏஜென்ட் 1,20,000 கேட்கிறார். கிளம்புவதற்கு முன் நான் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

முதலில் பணம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதோடு. நாலு மடங்கு கேட்கிறவர் உரிமம் இல்லாதவராக இருக்க நிறைய வாய்ப்பு. இ-மைகிரேட் தளத்தில் ஏஜென்ட் பெயரைப் போட்டால் உரிமம் இருக்கிறதா, காலாவதியா என்று தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் பாருங்கள்: கத்தாரில் 2021 மார்ச் முதல் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் வேறொரு ஒப்பந்தம் நீட்டினால் பழையதையும் புதியதையும் படமெடுத்து அன்றே தோஹா தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எல்லாத் தாளிலும் ஒரு நகல் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர் கையிலிருக்கும் நகல் இருந்தால்தான் நாளை மதத்தில் அவரால் ஒரு வரி எழுத முடியும்.

உரிமம் எண்ணை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நானே பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.